பெவர்லி வீட்டு இரண்டாவது படுக்கையறை

ஏப்ரல் 14: 12.95
ஏப்ரல் 21: 12.95
ஜூலை 7: 12.95
ஜூலை 14: 0.00
ஆகஸ்ட் 5: கடிதம். கிடையாது.

தேயிலை டப்பா இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் பெவர்லி ஆஷ்வொர்த் பென்சிலால் எழுதுகிறாள். ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் இன்னும் பத்து வரிகள் உண்டு. எல்லாம் அதே தொகை. எழுதி முடித்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அரை மணி கழித்து அதையே வீடெங்கும் தேடுவாள்.

வயது அறுபது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் குண்டான் தூக்கி முதுகு போய்விட்டது. இப்போது அரசு உதவித்தொகையில் காலம் ஓடுகிறது. எதிரே வருகிறவர் போலீஸ்காரரானாலும் பாதிரியாரானாலும் அவளுக்குக் “கண்ணு”தான். வீட்டு வாடகை வாரம் 92.50 பவுண்டு. படுக்கையறை இரண்டு, ஆள் ஒன்று என்பதால் வாடகை உதவியில் நூற்றுக்குப் பதினான்கு பிடித்தம்: 12.95.

அந்த இரண்டாவது அறை அவள் தம்பி கீத்துடையது. தனியே வாழ முடியாதவன். பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை மாலை அக்காள் போய்ப் பேருந்தில் கூட்டிவருவாள், ஞாயிறு மாலை கொண்டுபோய் விடுவாள். வாரத்தில் இரண்டு ராத்திரி தூங்குகிறவனை நகராட்சி அந்த வீட்டு ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. பிடித்தம் வேண்டாமென்றால் ஓர் அறை வீட்டுக்கு மாற வேண்டும்; மாறினால் கீத் எங்கே படுப்பான்?

நகராட்சி தனியாகத் தந்த தற்காலிக உதவி பதின்மூன்று வாரம் அந்தக் குறையை அடைத்தது; கதவில் இருக்கும் 12.95 எல்லாம் அதுதான். மறுபடி கேட்டபோது மறுத்துவிட்டார்கள்: உங்களுக்கு வாரம் பதினான்கு பவுண்டு மிஞ்சுகிறதே!

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தேவாலயக் கூடத்து ஆலோசனை மேசைக்குப் போனாள். அங்கே ஆலோசனை சொல்லும் ருக்ஸானா, பெவர்லி நகராட்சிக்குப் போட்ட விண்ணப்பத்தின் நகலை விரல் வைத்துப் படித்தாள்.

“சாப்பாட்டுக்கு இருபத்தஞ்சு பவுண்டா? கீத் வந்தா என்ன, காத்தையா குடிக்கிறான்?”

“கொறைச்சுப் போட்டேன் கண்ணு. கண்டபடி செலவழிக்கிறவன்னு நெனைச்சுடக் கூடாதுல்ல.”

“பஸ்ஸு?”

“அது என் தம்பிக்காகப் போறது. அதுக்கு யாரு காசு கேப்பா?”

“புகையிலைன்ற எடத்துல சைபர் போட்டிருக்க. உன் கோட்டு இங்க வரைக்கும் மணக்குது பெவ்!”

பெவர்லி கோட்டுப் பையைக் கையால் மூடிக்கொண்டாள். “வாடகைக்கு உதவி கேக்குறவளுக்குச் சுருட்டிப் பிடிக்க மட்டும் காசு இருக்கான்னு சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிச்சா சிரிக்கட்டும். எங்க தெருவுலயும் எல்லாரும் இதத்தான் பண்றாங்க. மானத்துக்குப் பயந்து செலவ மறைக்கிறது, அப்புறம் மிச்சம் இருக்குன்னு பேர் வாங்கிட்டு வெறுங்கையோட திரும்புறது. நெசமான கணக்கச் சொல்லு.”

பெவர்லி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாப்பாட்டில் பதின்மூன்று கூடியது. அதில் சனிக்கிழமை மீனும் வறுத்த உருளைக்கிழங்கும் அடக்கம். பேருந்துக்கு 8.40. புகையிலை வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஒன்பதரை” என்றாள். கூட்டிப் பார்த்தால் மிச்சம் போய், வாரம் 16.90 குறைவு. மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம்தான் கெடு. செப்டம்பர் 2ஆம் தேதி புதுத் தாளைக் கொடுத்தார்கள்.

பதில் வரவில்லை. பிடித்தத்தை வாராவாரம் தன் சாப்பாட்டில் குறைத்துக் கட்டிக்கொண்டு, வீடு மாற வேண்டிவந்தால் இருக்கட்டும் என்று கீத்தின் சாமான்களைக் கட்டத் தொடங்கினாள். மூன்று அட்டைப்பெட்டிகள். “அக்கா, ஊருக்குப் போறியா?” என்று கேட்டான் கீத். “தூசி தட்டுறேன்டா” என்றாள்.

கடைசியில் பதில் வந்தது: இருபத்தாறு வாரம் தருகிறோம், மார்ச் மாதத்தோடு முடியும். பெவர்லி வாசலில் நின்றபடியே இருமுறை படித்தாள். மாடிக்குப் போய்க் கம்பளிச் சட்டைகளையும் போர்வைகளையும் வெளியே எடுத்துக் கீத்தின் இழுப்பறையில் அடுக்கினாள். கோடைச் சட்டைகள் இருந்த பெட்டியை மட்டும் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அலமாரிக் கதவில் அன்றைய வரி: செப்டம்பர் 23: கடிதம். மார்ச் வரை.