வழியனுப்பும் பாட்டுக்குக் கட்டிய தாலி

என் கழுத்தில் தாலி ஏறியது ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பாட்டுக்கு. சொன்னால் நம்பாமல் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

கோலார் தங்க வயலில் அப்பாவுக்கு ஷிப்டு நேரத்தில் சுரங்கம், மற்ற நேரமெல்லாம் கிளாரினெட். சுரங்கத்து ஆட்களே சேர்ந்து நடத்திய பேண்டில் அவர்தான் முன்னால் நிற்பவர். அங்கிருந்த துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்களும் உண்டு. அவர்கள் நாட்டில் ஒரு பெரிய கவிஞர் இருந்தாராம், கிராமத்து மெட்டுகளைத் தேடிப் பிடித்து அவற்றுக்குப் பாட்டெழுதியவர். அவருடைய பிறந்த நாளை நாம் மாரியம்மன் திருவிழா நடத்துகிற மாதிரி கிளப்பில் அமர்க்களமாகக் கொண்டாடுவார்கள். அதற்காகவே அப்பாவின் பேண்டு அந்த மெட்டுகளையெல்லாம் பாடம் பண்ணி வைத்திருந்தது. மற்றதெல்லாம் ஆடுகிற மெட்டு. ஒன்று மட்டும் நிதானமானது, யாரையாவது வழியனுப்பும்போது வாசிப்பது. அதை எடுத்தால் எல்லோரும் எழுந்து வட்டமாக நிற்பார்கள். கைகளை மார்புக்குக் குறுக்கே மாற்றிப் போட்டு, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு முடியும்வரை விடமாட்டார்கள்.

சுரங்கம் சர்க்கார் கைக்குப் போனதும் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். பேண்டுக்கு அந்தப் பாட்டு தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. கிளப்போடு நின்றதா? இல்லை. சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் ஒரு மேஸ்திரி ஓய்வு பெற்றாலும் அதே பாட்டு, அதே குறுக்குக் கைதான்.

என் கல்யாணம் அந்தச் சமயத்தில், தங்க வயலில் நாங்கள் இருந்த கோரமண்டல் பகுதியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பூதிகோட்டையில் பயிர் செய்கிறவர்கள். விடிந்து வெகு நேரமாகியும் நாகஸ்வரக்காரர்கள் வரவில்லை. பங்காருப்பேட்டையில் வேறொரு கல்யாண வீட்டில் அவர்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டதாக ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"மேளம் இல்லாம தாலி கட்டறதா? அந்த நேரத்துல எவனாச்சும் தும்மினா இன்னா பண்றது? வேற நாள் பாத்துக்கலாம், எழுந்திருங்க!"

வேறு நாள் என்று சொல்லிப் போனவர்கள் திரும்பியே வராத கதை எங்கள் லைனில் உண்டு. எனக்கோ மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று கூச்சப்படாமல் இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். மணையில் குனிந்து உட்கார்ந்திருந்த எனக்கு, எழுந்து போய் நானே ஒரு அண்டாவைத் தட்டினால் என்ன என்றுகூடத் தோன்றியது.

பேண்டுக்காரர்கள் மாலை ஊர்வலத்துக்காக வாத்தியங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கைகூப்பினார்.

"நாங்க வாசிக்கிறோம் சம்பந்தி."

"சினிமாப் பாட்டுக்கெல்லாம் தாலி கட்ட மாட்டோம்ங்க."

"சினிமா இல்லீங்க. ஒரு பெரிய கவிஞரு பாட்டு. மெட்டு நம்ம மோகனம் மாதிரியே இருக்கும்."

"யாரு கவிஞரு?"

"வெள்ளைக்காரருதான். ஆனா உங்களாட்டம் ஏர் ஓட்டினவருங்க."

மாமனார் தாடையைத் தடவினார். "இன்னா பயிரு வெச்சாரு?"

அப்பாவுக்கு அது எங்கே தெரியும்? "கேவுருதாங்க" என்றார் கூசாமல்.

கேழ்வரகு போட்டவர் பாட்டு என்றதும் மாமனார் இறங்கி வந்தார். என்னைத் தாரை வார்த்துக் கொடுத்த கையோடு அப்பா கிளாரினெட்டை எடுத்தார்.

முதல் அடி கேட்டதும் எங்கள் லைன் ஜனம் முழுக்க எழுந்து நின்றது. கை தானாகக் குறுக்கே போனது, அட்சதையை உள்ளங்கையில் இடுக்கிக்கொண்டே பக்கத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இது இந்த ஊர்ச் சம்பிரதாயம் போலிருக்கிறது என்று பூதிகோட்டைக்காரர்களும் பயபக்தியோடு கை கோத்தார்கள். மாமனார் இரண்டு சுரங்கத்து ஆட்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். தாலி ஏறியது. மூன்று முடிச்சும் விழுந்தது. ஒரு அரிசிகூட எங்கள் தலையில் விழவில்லை.

"அட்சதை போடுங்கய்யா!" என்று மாமனார் கத்தினார்.

"பாட்டு முடியட்டும்ங்க. நடுவுல கைய விடக் கூடாது" என்றார் பக்கத்து ஆள், பிடியை இறுக்கி.

பாட்டுதான் முடியவில்லை. முடிக்கிற இடம் வந்ததும் அப்பா மறுபடி முதலிலிருந்து எடுத்தார். அதுவும் முடியப்போக, திரும்பவும் எடுத்தார். பேண்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே அவர் பின்னாலேயே வாசித்துப் போனார்கள். நான் அடக்க முடியாமல் சிரித்தேன், சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அப்பா கன்னம் உப்ப, கண்ணில் நீர் வழிய வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு முடிந்தால் யாராவது ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். இத்தனை வருடமாக அவர் பார்த்தது அதைத்தான். எனக்கு அழுகை பொங்கியது. அவ்வளவு சந்தோஷமும் அதோடு சேர்ந்து பொங்கியது.

மாமனாருக்கும் புரிந்திருக்க வேண்டும். கையை விடுவித்துக்கொள்ளாமலே உரக்கச் சொன்னார்.

"போதும் சம்பந்தி, முடிங்க. பூதிகோட்டை இன்னா சீமையிலயா இருக்குது? லீவு வந்தா வந்து பொண்ணப் பாருங்க. வரும்போது அந்தக் குழலையும் எடுத்துக்கினு வாங்க."

அப்பா முடித்தார். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன. வியர்வையில் நனைந்த அட்சதை எங்கள் தலையில் கட்டி கட்டியாக விழுந்தது.