ஆடிக் காற்று தந்த சாம்பியன் பட்டம்

சைக்கிள் பந்தயத்துக்குக் கால் வலு வேண்டும் என்பார்கள்; எனக்கு இருந்ததெல்லாம் வாய் வலு. எழுபதுகளில் தேனி ஜவுளிக்கடை ஒன்றில் துணி கிழித்துக்கொண்டே அகில இந்திய சாம்பியனாகத் திட்டம் போட்டவன் நான். உங்களிலும் நாலு பேர் இப்படி இருந்திருப்பீர்கள்; வெளியே சொல்ல மாட்டீர்கள்.

பஸ் ஏறிய சைக்கிள்

ஞாயிறு கடை விடுமுறை. சைக்கிளைக் கம்பம் பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிட்டு நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். கம்பத்தில் இறங்கி, அங்கிருந்து தேனிக்கு மிதித்து வருவதுதான் பயிற்சி. போகும்போதும் மிதித்தால் அலுப்பு வந்துவிடும், வேகம் கெட்டுவிடும் என்பது என் விஞ்ஞானம். சைக்கிளை இறக்கிக் கொடுத்த கண்டக்டர் மூன்று வாரம் பொறுத்தார். நாலாவது வாரம் கேட்டார்: "பந்தயத்தன்னைக்கும் நம்ம வண்டி வரணுமாப்பா?"

மட்கார்டு துறந்த கதை

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னார்கள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாவற்றையும் கழற்றினேன். என்னுடைய எடையைக் குறைக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. புரோட்டா எண்ணிக்கை அப்படியே இருந்தது.

ஒரு தூறல் நாளில், பழனிசெட்டிபட்டி வீட்டிலிருந்து கடைக்கு வருவதற்குள் பின்சக்கரம் என் வெள்ளைச் சட்டையில் இடுப்பிலிருந்து கழுத்துவரை சகதியால் கோடு போட்டுவிட்டது. அது தெரியாமல், அலமாரிப் பக்கம் திரும்பித் திரும்பிச் சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தேவாரம் ஊரிலிருந்து கல்யாண ஜவுளிக்கு வந்திருந்த அம்மா சொன்னார்: "தம்பி, உங்க முதுகுல இருக்க டிசைனத் தவிர மத்ததெல்லாம் காட்டுங்க."

ஒன்றேகால் மணி நேரம்

என்னோடு வேலை பார்த்த சாமுவேலிடம் கைக்கடிகாரம் இருந்ததால் அவன்தான் டைம் கீப்பர். கம்பம் பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பதினோரு மணிக்குக் கிளம்புவேன். அவன் சர்ச் முடிந்து தேனியில் காத்து நிற்பான். ஆனி பிறந்ததிலிருந்து எனக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆனதே இல்லை. நாங்கள் இருவருமே மிரண்டுபோனோம்.

அந்த நேரம் பார்த்து, ஆடியில் ஒரு மில் பந்தயம் அறிவித்தது. முதலாவதாக வருபவருக்கு மில்லில் நிரந்தர வேலை, அவர்கள் சைக்கிள் அணியில் இடம். இனி என்ன யோசனை? பந்தயத்துக்கு முந்தின நாளோடு நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பந்தயம் முடியட்டுமே என்று சாமுவேல் கெஞ்சினான். முதலாளி ஒன்றும் தடுக்கவில்லை. "சரிப்பா. போறப்ப கத்தரிய அந்த ஆணியில மாட்டிட்டுப் போ."

காற்றுக்கு எதிர்முகம்

நோட்டீஸில் 'தேனியிலிருந்து கம்பம் வரை' என்று தெளிவாகவே போட்டிருந்தது. ரோடு ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன்.

வீரபாண்டி தாண்டியதும் விஷயம் புரிந்தது. கம்பத்து மலைக் கணவாய் வழியாகத் தேனிப் பக்கம் அடிக்கும் காற்றுதான் இத்தனை வாரமும் என் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அதே கை இப்போது நெஞ்சில் இருந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு மறைந்தார்கள். சின்னமனூரில் பஸ் ஒன்று பக்கத்தில் மெதுவானது. அதே கண்டக்டர், சைக்கிளை ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுகை வந்தது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மிதித்தேன்.

கம்பத்தில் பரிசளிப்பு முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க நின்ற என்னிடம் பந்தல்காரர் சொன்னார்: "சும்மாதானப்பா நிக்கிற, இந்தக் கயித்தக் கொஞ்சம் பிடி."

ஆணியில் தொங்கியது

திரும்பும்போது காற்று ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் முதுகில் கைவைத்தது. சாமுவேல் நான் கிளம்பிய நேரத்தைக் கேட்டு, கணக்குப் பார்த்து, ஒன்றேகாலுக்கும் ஐந்து நிமிடம் குறைவு, புது ரெக்கார்டு என்றான். அவனை அடிக்காமல் விட்டதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே சாதனை.

திங்கட்கிழமை கடை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். திரும்ப வேலை கேட்க வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். உள்ளே என் இடத்தில் யாரை வைத்திருக்கிறார்களோ என்று பயமாக இருந்தது. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனையாவது வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. "கத்தரி அங்கனயேதான் தொங்குது. போயி எடு, ஆளுக நிக்கிறாக."

இன்றைக்கும் ஆடி மாதத்தில் கம்பத்திலிருந்து தேனிக்கு என்னை ஜெயிக்க ஆளில்லை; அந்தப் பக்கமாக ஒரு பந்தயம் நடத்தத்தான் இதுவரை யாருக்கும் புத்தி வரவில்லை.