மேடத்தோட நிம்மதி

எங்க மேனேஜர் மேடம் தினமும் காலையில ஒரு மணி நேரம் போனைத் தொடவே மாட்டாங்க. "டீமை நடத்தறவங்களுக்கு மனசு நிதானமா இருக்கணும்"னு மீட்டிங்ல சொல்வாங்க.

அந்த நேரத்துல அவங்களுக்கு வர்ற கால் எல்லாம் எனக்கு ஃபார்வர்ட் ஆகும்.

இன்னிக்கு மயிலாப்பூர் பார்க்ல அவங்களைப் பார்த்தேன். மரத்தடி பெஞ்ச்ல கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாங்க. முகத்துல அப்படி ஒரு தெளிவு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

நானோ, அவங்களைத் தேடி போன் பண்ணிக் கத்துற கிளையன்ட்கிட்ட "சாரி சார், சாரி சார்"னு சொல்லிக்கிட்டே நடந்தேன்.

சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாங்க.

"வாக்கிங் வர்றப்போ போன் எதுக்கும்மா? வீட்லயே வெச்சுட்டு வா. என்னைப் பாரு!"

"சரி மேடம்"னேன்.

நாளைக்கு வெச்சுட்டுத்தான் போகப்போறேன். யாராவது உங்க நம்பர் குடுங்க, ஃபார்வர்ட் பண்ணணும்.