குழம்பு ஒப்படைப்பு நோட்டு

பஸ் நிலையத்தின் மூன்றாம் நம்பர் கவுன்டரில் டிக்கெட் கொடுக்கும் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு குழம்பைக்கூட முதலிலிருந்து கடைசிவரை வைத்ததில்லை. சமைக்கத் தெரியாதவள் என்று யாரும் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அவளுக்குப் பின்பாதி நன்றாகவே தெரியும். முன்பாதி அவள் புருஷன் பொறுப்பு.

அவர் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். அவளுக்குக் காலை ஷிப்டு, அவருக்கு மதிய ஷிப்டு. வார விடுமுறைகூட ஆளுக்கொரு கிழமை. காலையில் அவர் நறுக்கி, வதக்கி, வேகவைத்துவிட்டுக் கிளம்புவார். மதியம் வந்து மிச்சத்தை அவள் முடிப்பாள். அவர் இறங்க, அவள் ஏற, இரண்டாம் மாடிப் படிக்கட்டில் ஒரு நிமிஷம் நிற்பார்கள். "பருப்பு வெந்துடுச்சு," என்பார். "சரிங்க," என்பாள். அவ்வளவுதான் குடித்தனம்.

கல்யாணமான புதிதில் ஆளுக்கொரு தடவை உப்புப் போட்டுக் குழம்பை வாயில் வைக்க முடியாமல் செய்தார்கள். மறுநாளே அவர் பம்ப் ஹவுஸில் இருப்பதுபோல ஒரு நோட்டுப் போட்டுவிட்டார். நேரம், அழுத்தம், வால்வு நிலை, குறைபாடு, குறிப்பு, கடைசியில் ஒப்படைத்தவர் கையெழுத்து, பொறுப்பேற்றவர் கையெழுத்து. "அழுத்தம்: மூன்று விசில். வால்வு: இரண்டு அடுப்பும் மூடியுள்ளன. உப்பு: போடவில்லை." கையெழுத்துப் போடாமல் அவள் கரண்டியைத் தொடக் கூடாது. பாலில் கத்தரிக்காயை வேகவைத்துப் பார்த்த அன்று, "சிவப்பு மூடிப் பாத்திரம் விசாரணையில் உள்ளது, திறக்க வேண்டாம்," என்று எழுதினார். எழுதிய கையோடு மறந்தும் போனார். நோட்டின் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? மூன்று நாள் அதை யாரும் திறக்கவில்லை. நான்காம் நாள் பாத்திரத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டார்கள்.

அவளைக் கவிழ்த்தது 'குறிப்பு' என்ற கட்டம்தான். முதலில், "வெங்காயம் தீர்ந்தது," என்ற அளவில்தான் இருந்தது. போகப்போக, "நீ வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நேற்று மோட்டாரிடம் உன்னைப் பற்றிப் பெருமையடித்தேன். அது மறுக்கவில்லை." இன்னொரு நாள், "தூக்கத்தில் உன் ஒரு கால் போர்வைக்கு வெளியே இருந்தது. மூடிவிட்டேன். வேறு குறைபாடு இல்லை." இப்படிப் பதினான்கு நோட்டு சேர்ந்தது. எல்லாவற்றையும் அவள் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

போன மாதம் அவருக்கும் காலை ஷிப்டு போட்டார்கள். இனி என்னக்கா, ரெண்டு பேரும் ஜோடியா சமைக்கலாம் என்று கவுன்டரே கைகுலுக்கியது. அன்று மூன்று மணிக்கு இருவரும் அடுப்படியில் நின்றார்கள். அவர் வெங்காயம் நறுக்கி, வதக்கி, வேகவைத்து, பழக்கதோஷத்தில் கை துடைத்துவிட்டுச் சட்டையைத் தேடினார். அவள் கரண்டியும் கையுமாக நோட்டுக்குக் காத்திருந்தாள். "பக்கத்துலயே நிக்கிறியே, உனக்கு என்னத்த எழுதுறது?" என்றார். அப்போ யார் பொறுப்பு என்று இருவரும் யோசித்து முடிப்பதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. மனிதர் வாயே திறக்கவில்லை.

"குழம்பு எப்படிங்க இருக்கு?"

"ம்."

"உப்பு?"

"ம்."

"உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு."

"ம்."

அவள் புடவைகளுக்கு அடியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். போர்வையை மூடிவிட்ட ஆள் எங்கே போனார்? வேறு யாரையாவது வைத்து எழுதினாரோ என்றுகூடச் சந்தேகம் வந்து, கேஸ் ரசீதில் இருந்த அவர் கையெழுத்தை நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். சாட்சாத் அவரேதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் வேலையிலிருந்து வந்தவள் காக்கிக் கோட்டைக் கழற்றவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் டூட்டிக்குப் போறேன்," என்றாள்.

"இப்பதானேம்மா வந்தே?"

"உங்க பாதிய முடிச்சு, எழுதி வச்சிட்டுக் கிளம்புங்க."

போய் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "சண்டையா?" என்றாள்.

"இல்லக்கா, டூட்டி."

அரை மணி நேரத்தில் மேலே கதவு திறந்தது. அவர் யூனிஃபார்ம் சட்டையும் காலி டிபன் பாக்ஸுமாக இறங்கி வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"பருப்பு வெந்துடுச்சு," என்றார். முகம் புது மாப்பிள்ளை முகமாகச் சிவந்திருந்தது.

"சரிங்க," என்று ஏறினாள்.

அடுப்படியில் பதினைந்தாம் நோட்டு விரிந்திருந்தது. "அழுத்தம்: மூன்று விசில். உப்பு: போட்டாயிற்று. குறைபாடு: ஆபரேட்டருக்கு நேரில் பேச வரவில்லை, ஐந்து நாளாக. பழுது பழையது, உன்மேல் தப்பில்லை. குறிப்பு: நீ வெளியே இருந்த அரை மணி நேரமும் வீடு வீடாக இல்லை. சீக்கிரம் முடி. நான் படிக்கட்டில்தான் இருக்கிறேன்."

பொறுப்பேற்றவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். தக்காளியைப் போட்டுக் கிளறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து படிக்கட்டுப் பக்கம் கத்தினாள்.

"என்னங்க, உப்பு போட்டீங்களா?"

"எழுதியிருக்கேன்ல, பாரு!"

பார்த்தாகிவிட்டதுதான். இருந்தாலும் உள்ளே போய் இன்னொரு தடவை படித்தாள்.