துளசிங்கத்தின் முதுகில் தெரிந்த புள்ளிகள்

துளசிங்கம் எதையும் ஒன்றை மட்டும் நம்பிச் செய்கிறவர் இல்லை. மெட்ராஸ் போக ரயில் டிக்கெட் வாங்கிவிட்டு, பஸ் ஏதாவது முன்னால் வருமா என்று பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பார். அப்படி நின்று ரயிலை விட்டதும் உண்டு.

திருத்தணியில் தறி போட்டுக்கொண்டிருந்த அவருக்கு, பங்குனியிலிருந்து சாயங்காலமானால் காய்ச்சல். ஆடி பிறந்தும் விடவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

"உள்ள எங்கயோ சீழ் கட்டியிருக்கு. இடம் தெரியாம கத்தி வைக்க முடியாது. இப்படியே விட்டா உசுருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். பிறகு கையில் ஓர் ஊசி போட்டார். "இதுல கொஞ்சம் கதிர்வீச்சு மருந்து இருக்கு. உடம்புல புண்ணு, வீக்கம் எங்க இருக்கோ அங்க போய்ச் சேரும். நாளை மறுநாள் வாங்க, மெஷின்ல படம் எடுத்தா அந்த இடம் பளிச்சுனு தெரியும். அதுவரைக்கும் வீட்ல சும்மா இருங்க."

மறுநாள் ஆடிக் கிருத்திகை. உடம்பு தேறினால் அலகு குத்திக்கொள்வதாக வேண்டுதல் இருந்தது.

"தேறினா தானே குத்திக்கிறதா வேண்டிகினீங்க?" என்றாள் மனைவி சுலோச்சனா.

"முன்னாடியே குத்திகினா சாமிக்கும் ஒரு கட்டாயம் வரும்ல? இல்லன்னா அவரு பாட்டுக்கு நாளக் கடத்திகினு இருப்பாரு."

முதுகில் கொக்கி கொக்கியாகக் குத்தி, எலுமிச்சம்பழங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு மலை ஏறினார். இறங்கியதும் குத்திய இடங்களில் விபூதியை அப்பிக்கொண்டார். அடுத்த நாள் காலை, அதன்மேல் சட்டையை மாட்டி ரயில் பிடித்தார்.

மெஷினில் சட்டையோடுதான் படுக்க வைத்தார்கள். திரையைப் பார்த்த டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். முதுகில் இரண்டு வரிசையாக, நாற்று நட்டது போலப் புள்ளிகள்.

"இத்தனை இடத்துலயா சீழ்? எத்தனை இடத்துல அறுக்கறது?"

துளசிங்கம் மனதுக்குள் கணக்குப் போட்டார். வீட்டில் சும்மா இருக்கச் சொன்னவரிடம் மலை ஏறியதை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் முதுகு முழுக்கக் கத்தி.

வாசலில் நின்ற சுலோச்சனாவுக்கு அந்தக் கவலை இல்லை. "அலகு குத்திகினாருங்க" என்றாள்.

"எப்போ?"

"நேத்து."

"ஊசி போட்டு அனுப்பியிருக்கேன். நேத்து போய் எதுக்கும்மா?"

"நேத்து தானேங்க கிருத்திகை" என்றாள், படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற முகத்தோடு.

டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். புதுப் புண் என்றாலும் மருந்து அங்கே போகத்தான் செய்யும். துளசிங்கத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்து மறுபடி படம் எடுத்தார். புள்ளிகள் எல்லாம் தோலோரமாக ஒதுங்கி நின்றன. ஒன்று மட்டும் பெரிதாக, ஆழத்தில், ஈரலுக்குக் கீழே கிடந்தது.

"இது?" என்றார் டாக்டர்.

"அது நான் குத்திகினது இல்லீங்க" என்றார் துளசிங்கம்.

"தெரியுது. அதைத்தான் தேடிட்டிருந்தோம். நாளைக்கே வடிச்சிடலாம்." டாக்டர் சுலோச்சனா பக்கம் திரும்பினார். "ராத்திரி வீட்டுக்குப் போய்ட்டு வரட்டுமா? ஊர்ல இனிமே விசேஷம் எதுவும் இல்லையே?"

"தெப்பம் இருக்குதுங்க."

"அப்போ இப்பவே பெட்ல சேத்துடுங்க" என்றார் டாக்டர் நர்ஸிடம்.