கேட்டில் தொங்கிய கூடு

என் கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு வராது என்று ராஜபாளையம் வீட்டு வாசலில் ஈஸ்வரமூலிக் கொடி வளர்த்தேன். அதன் இலையைத் தின்ற புழு ஒன்று, கேட்டின் இரண்டு கதவும் சேரும் இடத்தில் கூடாகித் தொங்கியது. திறந்தால் நசுங்கிவிடும் என்று கேட்டைக் கயிற்றால் கட்டிவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

வருடக்கணக்காகப் பேசாதிருந்த அண்ணன், அந்த நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாவோடு வந்து நின்றார்.

“ஏலே, நான் வருவேன்னு தெரிஞ்சுதான் கட்டி வச்சிருக்கியோ?”

கூட்டை நோக்கிக் கை நீட்டினேன். அவருக்குப் பின்னால் தெரு இருந்தது.

“போகவா சொல்லுத? போறேன்.”

மறுநாள் கறுப்பும் சிவப்புமாகப் பட்டாம்பூச்சி பறந்துபோனது. கயிற்றை அவிழ்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் என் வாசல் வழியாகத்தான் போகிறது. அண்ணனிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், திறந்த கேட்டுக்கு உள்ளேயே நிற்கிறேன்.

எழுதிய நாள்: புரட்டாசி ஏழு.