சமையலறை ஜன்னலுக்கு வெளியே

துடியலூரிலிருந்து மேற்கே மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில், கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டி எங்கள் வீடு. பின்பக்கம் பக்கத்து வீட்டுக்காரர்களின் வாழைத்தோட்டம். அதற்கப்பால் மலை. என் கணவருக்குப் பவுண்டரியில் முதல் ஷிப்டு. காலை ஐந்தே காலுக்கு அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டால், நான் பள்ளிக்கூடம் கிளம்பும்வரை வீட்டில் வேறு யாரும் கிடையாது. நான் கணக்கு டீச்சர்.

அந்த ஜனவரியில் சபையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் பைபிளை முழுதாகப் படித்து முடிக்க, இன்ன நாளுக்கு இன்ன அதிகாரம் என்று கட்டம் போட்ட அட்டை. அதற்கு முந்தைய நான்கு வருடங்களும் அதேபோல் அட்டை வாங்கி, எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தவள் நான். உண்மையைச் சொன்னால், படித்தது எதுவும் உள்ளே இறங்கியதில்லை. விடைத்தாள் திருத்துகிற வேகத்தில் வாய்விட்டுப் படிப்பேன். டிக் அடிக்கும்போது மட்டும் ஒரு திருப்தி.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் அது தொடங்கியது. சமையலறை மேஜையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். மார்கழிக் குளிர். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று, எனக்குப் பின்னால் யாரோ நின்று புத்தகத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. தேர்வு அறையில் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நான் நிற்பேன். நான் ஒரு வார்த்தை பேசாமலே அவர்கள் கழுத்து விறைக்கும். அன்றைக்கு என் கழுத்து அப்படி விறைத்தது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பி, பனி, தெருவிளக்கு. வேறொன்றும் இல்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். சரியாக நான் வாசிக்க ஆரம்பித்த பிறகு வரும். புத்தகத்தை மூடினால் போய்விடும். கணவரிடம் சொன்னேன்.

"பனிக்காலத்துல அப்படித்தான் இருக்கும் அம்மணி. பயந்துக்காத. ரேடியோவப் போட்டு உட்டுக்க" என்றார்.

நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன், ஜன்னலைப் பார்த்தபடி. அப்படியும் அது வருவது நிற்கவில்லை.

பத்தாம் நாள் அவர் கிளம்பிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் இருபத்தெட்டாம் அதிகாரத்தை முடித்து, அடுத்ததில் கிணற்றடியில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டும் இடத்துக்கு வந்துவிட்டேன். நாய்கள் குரைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். தெருவிளக்கு தெரியவில்லை. கரண்ட் போய்விட்டதா என்று நினைத்தால், என் தலைக்கு மேலே பல்பு எரிகிறது. ஜன்னலில் வெறும் கறுப்பு. பிறகு அந்தக் கறுப்பு மெல்ல நகர்ந்தது. தெருவிளக்கு ஒரு கணம் தெரிந்து, மறுபடி மறைந்தது.

சேறும் மென்ற தழையும் கலந்த வாடை வந்தது. கம்பிகளுக்கு நடுவே தும்பிக்கையின் நுனி உள்ளே நீண்டது. ஜன்னலுக்குக் கீழேயே அரிசி மூட்டை இருந்தது. உப்பு ஜாடி இருந்தது. அதை எதையும் அது தொடவில்லை. மேஜை விளிம்பைத் தடவி, திறந்திருந்த பைபிளின் மேல் வந்து நின்றது. மூச்சில் தாள்கள் புரண்டன.

நான் ஜெபம் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். செய்யவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தும்பிக்கை பின்வாங்கியது. விளக்கு மறுபடி தெரிந்தது. வாழை மரம் ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் நாய்கள் குரைத்தன.

விடிந்ததும் பக்கத்து வீட்டம்மா ஓடிவந்தார்.

"ஏனுங்க டீச்சர், உங்கூட்டு ஜன்னல்கிட்ட நின்னுபோட்டுப் போயிருக்குதுங்க! நம்ம தோட்டத்துல நாலு மரம் போச்சு. போனாப் போகுதுங்க. சாமிதானுங்க வந்துபோட்டுப் போயிருக்குது."

இந்த மலையடிவாரத்து ஆட்கள் யானையைச் சாமி என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு அந்த வார்த்தை என் முதுகுத்தண்டில் இறங்கியது.

எட்டு மணிக்கு வனத்துறை வாட்சர் வந்து தடம் பார்த்தார். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற தண்ணீர் தேங்கி எப்போதும் சகதியாக இருக்கும். அதில் சோற்றுத் தட்டு அகலத்துக்குக் கால்தடங்கள்.

"ஒரு வாரமாவே இது இங்க வந்துட்டிருக்குதுங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இல்லீங்க. இந்த ஒத்தை யானை நேத்து வரைக்கும் ஆனைகட்டிப் பக்கம் நின்னுச்சு. எங்காளுங்க பின்னாலயேதான் இருந்தாங்க. இங்க இன்னிக்குத்தான் மொத வாட்டி."

"வேற யானையா இருக்குமா? தெனமும் காத்தால ஆரோ நிக்கிற மாதிரியே இருந்துச்சுங்க."

"வந்திருந்தா இந்தச் சகதியில தடம் இல்லாமப் போகுமுங்களா? இன்னிக்கு வந்த தடம் மட்டுந்தான் இருக்குது." என் முகத்தைப் பார்த்தார். "டீச்சர், நீங்க ஒரு வாய் காப்பி குடிங்க."

அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். யானையின் மூச்சில் ஈரமான பைபிள் தாள்களைப் பிரித்துக் காயவைக்கும்போது, காலையில் படித்து முடித்திருந்த அதிகாரம் கண்ணில் பட்டது. அண்ணனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிற ஒருவன், வழியில் இருட்டிவிட, ஒரு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். கனவில் ஏணி. விழித்ததும், இங்கே ஆண்டவர் இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை என்கிறான். சின்ன வயதிலிருந்து அந்த வசனத்தை ரோஜாப்பூப் படத்தோடு காலண்டரில் பார்த்து வளர்ந்தவள் நான். தாலாட்டு மாதிரி ஒன்று என்றே நினைத்திருந்தேன். அதற்கு அடுத்த வரியிலேயே அவன் பயந்தான் என்று எழுதியிருக்கிறது. எத்தனை தடவை டிக் அடித்திருக்கிறேன், அந்தப் பயத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஏணியைப் பார்த்தபோது அவன் பயப்படவில்லை. விழித்து, வெறும் பொட்டல்காட்டைப் பார்த்த பிறகுதான் பயந்தான். அதுவரை தனியாகப் படுத்திருந்ததாக நினைத்த இடம் அது.

சாயங்காலம் கணவர் வந்ததும், பீளமேட்டில் இருக்கிற அவர் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அரிசி மூட்டையை உள்ளறைக்கு மாற்றினோம். ஜன்னலுக்குத் தகடு அடிக்கட்டுமா என்று கேட்டார். அதற்கும் வேண்டாம் என்றேன்.

"அப்புறம் பயமா இருக்குதுன்னு சொல்லக்கூடாது" என்றார்.

"பயமாத்தானுங்க இருக்குது" என்றேன்.

மறுநாள் அதே இடத்தில் உட்கார்ந்தேன். யானை வரவில்லை. நாய்கள் தெருவில் எப்போதும்போல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வாசிக்க ஆரம்பித்ததும் கழுத்து விறைத்தது. இந்தத் தடவை நான் திரும்பவில்லை. ஒவ்வொரு வரியாக, பக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்போடு மெதுவாக வாசித்தேன். அரை அதிகாரம் முடிவதற்குள் விடிந்துவிட்டது. அட்டையில் டிக் அடிக்க முடியவில்லை. பங்குனி வந்தும் ஆதியாகமத்தைத் தாண்டவில்லை.

யாரோ கூட இருக்கிற அந்த உணர்வு சமையலறையோடு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நிரம்பி, நடுவில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்தது. கவுண்டம்பாளையம் தாண்டியும் யாரும் உட்காரவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வந்தேன். கூடையோடு நின்றிருந்த ஒரு வயதான அம்மா குனிந்து கேட்டார்.

"ஏங்கண்ணு, இங்க ஆராச்சும் வாராங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "உட்காருங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்து, கூடையை மடியில் ஏற்றிக்கொண்டார். ஏன் என்று என்னைக் கேட்காமலே, நடுவில் யாருக்கோ இடம் விட்டதுபோல், துடியலூர் வரை அப்படியே ஒடுங்கி உட்கார்ந்து வந்தார்.